ஹட்டனிலிருந்து உடப்புசல்லாவைக்கு: சைக்கிளில் மாப்பிள்ளை பார்க்கப் போனேன்

இந்தத் தளத்தில் எழுதத் தொடங்கியதிலிருந்து பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றைத்தான். "ஹட்டனிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைப் பக்கம் சைக்கிளில் போகலாமா? தனியாகப் போனால் சரிவருமா?" போகலாம். சரிவரும். நான் போயிருக்கிறேன். ஆனால் நான் முதன்முதலில் போனது அறுபதுகளின் தொடக்கத்தில், என் இருபத்து நான்காவது வயதில். அதற்குப் பிறகு ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள், கடைகள் பெருகிவிட்டன, எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஏற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆட்களும் பெரிதாக மாறிவிடவில்லை. அதனால் அந்த முதல் பயணத்தையே எழுதுகிறேன். உங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அந்த வருஷம் எனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்து வளைவு, எங்கள் பேச்சில் ஸ்டோர் முடக்கு, அது வரை போவேன், திரும்புவேன், மறுபடியும் போவேன். என்ன வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆகஸ்ட் விடுமுறை தொடங்கிய அன்று அப்பா ஒரு போட்டோவை மேசையில் வைத்தார். உடப்புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் தேயிலை தயாரிக்கும் உதவி டீமேக்கர், பெயர் சாமுவேல். எங்கள் சர்ச் சபையில் எல்லோரும் நல்ல பையன் என்கிறார்கள். போட்டோவில் அவர் ஸ்டூடியோவில் எல்லோரும் இருப்பது போலவே இருந்தார்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்ப்பா" என்றேன்.

"பொண்ணு போய் மாப்புள பாக்குற கதைய எங்கயாச்சும் கேட்டிருக்கியா?"

"இல்ல. அதுக்காகப் போகக் கூடாதா?"

"போறதுன்னா பஸ்ஸுல போ. யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போ."

"சைக்கிள்ல போறேன்ப்பா. தனியா."

அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் நான் கிளம்பிய கையோடு அவர் ஹட்டன் தபால் கந்தோருக்குப் போய் மாப்பிள்ளை வீட்டுக்குத் தந்தி அடித்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சைக்கிளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: என்னுடையது கறுப்பு நிறத்தில் பெண்கள் ஓட்டும் சைக்கிள். கியர் கிடையாது. சீமைக்குப் போன ஒரு நர்ஸிடம் வாங்கியது. நடுவில் கம்பி இல்லை, சங்கிலிக்கு மூடி உண்டு, பின் சக்கரத்தில் பாவாடை சிக்காமலிருக்க வலை கட்டியிருந்தது. சேலை கட்டிக்கொண்டு நீண்ட தூரம் போகாதீர்கள். நான் கணுக்காலுக்கு மேலே நிற்கும் பாவாடையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, உள்ளே ஒரு காற்சட்டையும் போட்டுக்கொண்டேன். சேலை பையில் இருந்தது, போய்ச் சேர்ந்த பிறகு கட்டுவதற்கு. காற்றடிக்கும் பம்பு, ஒட்டுப்போடும் சாமான், ஒரு ஸ்பேனர், மழைக்கு ரெக்சின் துணி, அட்டை கடித்தால் தேய்க்க ஒரு துண்டு சவர்க்காரம், ரொட்டியும் சம்பலும். இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்குக்கு இன்னும் நாளிருக்கிறது என்று நம்பித் துணியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏற்றம் மிதித்தால் எனக்கு எப்போதும் முன்கூட்டியே வந்துவிடும். அந்தப் பயணத்திலும் வந்தது.

ஹட்டனிலிருந்து தலவாக்கலை பதினோரு மைல் சொச்சம். ஆகஸ்டில் அந்தப் பக்கம் மழை. பெரிய மழை இல்லை, ஆனால் விடாது. மூடுபனியில் வண்டிக்காரர்களுக்கு நாம் தெரியமாட்டோம். ஆகவே முதுகில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முடக்கிலும் மணியடியுங்கள். தலவாக்கலையைத் தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றேன். உள்ளே ஏழெட்டு ஆண்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கடை முதலாளி "தனியாவா போறீங்க?" என்றார். வீட்டில் யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன்.

"இல்லங்க. அண்ணன் பின்னால வர்றாரு."

"அப்ப உக்காருங்க தங்கச்சி. அண்ணன் வந்து சேரட்டும். இந்த மழையில பொம்பளப் புள்ளையத் தனியா விட முடியுமா?"

எனக்கு அண்ணனே கிடையாது. இல்லாத அண்ணனுக்காக ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி இரண்டு தடவை ரோட்டுக்கு இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "சைக்கிள் பழுதாயிருக்குமோ? ஆள அனுப்பவா?" என்று கேட்டார். கடைசியில், "அண்ணன் வந்தா நான் முன்னால போயிட்டேன்னு சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுத் தப்பித்தேன். அன்றிலிருந்து நான் துணைக்கு ஆள் வருகிறது என்று சொல்வதில்லை. எங்கே போகிறேன், அங்கே யார் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பெயரோடு சொல்வேன். கேட்பவர் நல்லவராக இருந்தால் வழி சொல்வார். கெட்டவராக இருந்தால், நம்மைத் தேட ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நானுஓயா ஏற்றத்தில் மிதித்தது கொஞ்சம், தள்ளியது அதிகம். தள்ளுவதில் வெட்கமே வேண்டாம். அங்கேதான் ஒரு கார் என்னைக் கடந்து போய் மெதுவானது, நின்றது, நான் கிட்டப் போனதும் மறுபடி நகர்ந்து முன்னால் போய் நின்றது. இரண்டு தடவை அப்படிச் செய்தது. உள்ளே இருந்தவன் கண்ணாடியை இறக்கிச் சிரித்தான்.  ரோட்டுக்கு மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளை ஓரத்தில் சாய்த்துவிட்டு உரக்கக் கூப்பிட்டேன்.

"அக்கா! அக்கா!"

பனிக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு தலைகள் நிமிர்ந்தன. "என்னாம்மா? யாரது?" என்று ஒரு குரல். அதற்குப் பின்னால் கங்காணியின் குரலும் கேட்டது. கார் போய்விட்டது. அவர்களில் ஒருத்தி கூடையோடு ரோட்டோரம் வரை இறங்கி வந்தாள்.

"எங்க போறீங்க?"

"உடப்புசல்லாவைக்கு."

"சைக்கிள்லயா? காலு வலிக்காதா?"

"வலிக்குதுக்கா."

அவள் சிரித்தாள், மேலே நின்றவர்களுக்கும் கத்திச் சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கேட்கும் தூரம் வரை எனக்குப் பயமில்லாமல் இருந்தது. மலைநாட்டில் தனியாகப் போகிற பெண்ணுக்கு இதுதான் பெரிய பாதுகாப்பு. பகலில் கூப்பிடு தூரத்தில் எங்கேயாவது பெண்கள் நிற்பார்கள். நாலரைக்குப் பிறகு கொழுந்து நிறுக்கப் போய்விடுவார்கள், மலை காலியாகிவிடும். நாலு மணிக்கு முன்னால் நீங்கள் ஒரு வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

அன்று நுவரெலியாவில் பவளத்தின் அறையில் தங்கினேன். பவளம் யாழ்ப்பாணத்துப் பெண், என்னோடு ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் படித்தவள், அங்கே டீச்சராக இருந்தாள். கதவைத் திறந்தவள் என் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, "தனியவோ வந்தனீ? உனக்கென்ன விசரோ?" என்றாள். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"பெடியனைப் பிடிக்காட்டி ஒரு கரைச்சலும் இல்லை, திரும்பி வந்திடுவாய். பிடிச்சுப் போனா என்ன செய்யப் போறாய்?"

அதைத்தான் நான் வழியெல்லாம் யோசிக்காமலிருக்கப் பார்த்தேன்.

மறுநாள் காலை வேறு நாடு போல இருந்தது. ஆகஸ்டில் நுவரெலியாவைத் தாண்டிவிட்டால் மழை பின்னால் நின்றுவிடும். கந்தப்பளைப் பக்கம் வெயிலும் காய்ந்த காற்றும். அந்தக் காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திறந்த முடக்குகளில் சைக்கிளோடு ஆளையும் சேர்த்து ஓரத்துக்குத் தள்ளும். அப்படிப்பட்ட இடங்களில் இறங்கி, சைக்கிளைப் பள்ளத்துப் பக்கம் விட்டு, நீங்கள் மலைப் பக்கம் நடந்து போங்கள். முன்பு நானுஓயாவிலிருந்து ராகலை வரை சின்ன ரயில் ஓடியது. நான் போனபோது தண்டவாளத்தைக் கழற்றிவிட்டிருந்தார்கள், தடம் மட்டும் அங்கங்கே மிச்சமிருந்தது. ரயிலுக்கு வெட்டிய தடமாதலால் ஏற்றம் மெதுவாக இருந்தது. முடிந்த இடத்திலெல்லாம் அதிலேயே போனேன்.

கந்தப்பளைக்குக் கிட்டத்தான் எனக்கு மாதவிலக்கு வந்தது. ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் போய் நின்றேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கிருந்த ஆயா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் பின்கட்டைக் காட்டி ஒரு வாளி சுடுதண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். எந்தத் தோட்டத்திலும் பிள்ளைக் காம்பராவைத் தேடிப் போங்கள். தண்ணீர் இருக்கும், கதவு இருக்கும், பெண் இருப்பாள்.

அதற்குப் பிறகு இறக்கம். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், ஒரே பிடியாகப் பிடித்தால் ரிம் சூடாகிவிடும். மணல் கிடக்கும் முடக்கில் முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ராகலைக்கு மேலே ஒரு நேர் ரோட்டில் இரண்டையும் விட்டுவிட்டேன். காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை, வார்த்தையாக இருந்திருக்காது.

ராகலையிலிருந்து உடப்புசல்லாவை ஆறு மைல் போல. தோட்டத்து வழி பிரியும் இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"எஸ்தருங்களா? ரெண்டு பஸ்ஸப் பாத்துட்டேன்" என்றார். பிறகுதான் சைக்கிளைக் கவனித்தார். "இதுலயா? ஹட்டன்லேர்ந்தா?"

போட்டோவில் இல்லாத ஒரு முகம் அவருக்கு இருந்தது. ஆச்சரியப்படும்போது சின்னப் பிள்ளை போல வாய் திறந்துவிடும். சைக்கிளை என்னிடமிருந்து வாங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். "பின் பிரேக் கட்ட தேஞ்சு போச்சுங்க. இதோடயா ராகல எறக்கம் வந்தீங்க?" என்று திட்டினார். அன்று பின்னேரமே ஸ்டோரிலிருந்து சாமான் எடுத்துவந்து, குந்தியிருந்து, புதுக் கட்டை போட்டுத் தந்தார். அவருடைய அம்மா உப்புப் போட்ட சுடுதண்ணியில் என் கால்களை வைக்கச் சொன்னார், கோழிக் குழம்பு வைத்தார். பெண் தனியாக வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பசியோட வந்திருக்கு புள்ள" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

சாமுவேல் என்னை ஸ்டோருக்குக் கூட்டிப்போனார். மேல் மாடியில் கொழுந்தை வாட விட்டிருந்தார்கள். ஒரு கை அள்ளி மணந்து பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் வேண்டும் என்று சொன்னார்.

"இத விட்டுட்டு எங்கயும் நகர முடியாதுங்க. எனக்கும் நகரணும்னு தோணுறதில்ல."

"எனக்கு ஒரு எடத்துல இருக்க முடியாது" என்றேன்.

"பழகிரும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அந்த வீட்டில் படுத்தபோது பல மாதங்களுக்குப் பிறகு கால்கள் சும்மா கிடந்தன. அப்பாவிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

காலையில் பின்பக்கத்து ஷெட்டுக்குப் போனேன். சைக்கிள் இல்லை. வீட்டைச் சுற்றி வந்தேன், ஸ்டோர் வாசல் வரை போனேன். சாமுவேல் எதிரே வந்தார். இரவு வேலை முடித்த களைப்பிலும் முகம் மலர்ந்திருந்தது.

"தேடாதீங்க. தேயிலப் பெட்டி ஏத்துற லாரியில உங்க சைக்கிளையும் ஏத்தி விட்டுட்டேன். நானுஓயா ஸ்டேஷன்ல குடுத்துருவாங்க, ரயில்ல ஹட்டனுக்கு வந்துரும். நீங்க எங்க சித்தியோட பஸ்ஸுல போங்க. சொல்லி வச்சிருக்கேன். இனி நீங்க கஷ்டப்பட வேணாம்."

பரிசு கொடுத்துவிட்டு நிற்பவரைப் போல நின்றார். நான் நன்றி என்று சொன்னேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன். அவருடைய அம்மா வழிக்கு இடியப்பம் கட்டித் தந்தார். சித்தி ஜன்னல் சீட்டில் என்னை உட்கார வைத்தார். பஸ் நகர்ந்த பிறகுதான் என் கைகள் எதையோ பிடிக்கத் தேடுவது தெரிந்தது. நேற்று நான் வந்த முடக்குகள் கண்ணாடிக்கு வெளியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. சித்தி கலியாணச் செலவுகளைப் பற்றிப் பேசினார். 

ராகலையில் பஸ் நின்றபோது அந்த லாரி அங்கே நின்றது. இன்னொரு தோட்டத்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளுக்கு மேலே, கயிற்றால் கட்டி, என் சைக்கிள். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

லாரி டிரைவர் பியசேன சிங்களவர், தோட்டத் தமிழ் பேசுவார். சைக்கிளை இறக்குங்கள் என்றதும் கையை விரித்தார்.

"ஐயா நானுஓயாவுக்குக் கொண்டுபோகச் சொன்னது. நான் நடுவுல எறக்கினா ஐயா ஏசும் மிஸ்."

"சைக்கிள் யாரோடது?"

"மிஸ்ஸோடதுதான்."

"அப்ப எறக்குங்க."

பஸ் ஜன்னலிலிருந்து சித்தி கூப்பிட்டார். "அய்யோ, பஸ்ஸு போகப் போகுது, ஏறும்மா! சாமுவேலுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" கண்டக்டர் மணியில் கை வைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் வந்து பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே லாரியின் பின்சக்கரத்தில் கால் வைத்து ஏறினேன். முடிச்சு இறுகியிருந்தது, அவிழவில்லை. பியசேன கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே ஏறி வந்து, என்னை விலகச் சொல்லிவிட்டு, அவரே அவிழ்த்து இறக்கிக் கொடுத்தார். இரண்டு டயரையும் அமுக்கிப் பார்த்தார்.

"முன்னுக்கு காத்து கொஞ்சம் கொறைய" என்றார். பம்பை வாங்கி அவரே அடித்தார். "ஐயா கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."

சித்தியிடம் போய், "நீங்க வீட்டுக்குத் திரும்பிப் போங்க சித்தி. நுவரெலியாவுல பவளம்னு ஒரு டீச்சர் இருக்கா, இன்னைக்கு அவ ரூமுல இருப்பேன். நாளைக்கு வீட்டுல இருப்பேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. ராகலையிலிருந்து கந்தப்பளை ஏற்றம். எதிர்க்காற்று வேறு. அந்த ஏற்றத்தில் மட்டும் நான் எங்கேயும் இறங்கித் தள்ளவில்லை. அது வீரம் இல்லை. நின்றால் திரும்பிப் போய்விடுவேனோ என்று பயமாக இருந்தது.

அப்பாவிடம் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். "நல்லவர்தான்ப்பா" என்றுதான் சொல்ல முடிந்தது. அவர் பல நாள் என்னோடு பேசவில்லை. இரண்டு ஞாயிறு கழித்து, ஆராதனை முடிந்து வந்தபோது வேதக் கோயில் வாசலில் சாமுவேல் நின்றார். அதிகாலை பஸ் பிடித்து வந்திருந்தார்.

"நான் என்னங்க தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார். சண்டைக்கு வந்தவர் குரல் இல்லை.

"தப்பு ஒன்னும் செய்யலங்க. என்னைக் கேக்கல. அவ்வளவுதான்."

யோசித்தார். "கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்களே?"

"ஆமா."

"அப்புறம் நான் எப்படிங்க உதவி செய்யறது?"

 ஹட்டன் பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு நடந்தேன். "பிரேக் புடிக்குதா?" என்று ஒரு தடவை கேட்டார். நன்றாகப் பிடிக்கிறது என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார், கையசைத்தார். அடுத்த வருஷமே அவருக்குக் கலியாணமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். நான் செய்தது சரியா என்று மழைநாட்களில் யோசித்ததுண்டு. அப்படி யோசித்த நாட்களிலும் மழை விட்டதும் கிளம்பியிருக்கிறேன்.

அந்த வருஷக் கடைசி விடுமுறையில் பதுளை வரை போனேன். பிறகு வலப்பனை, கொத்மலை என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பக்கம். முப்பத்தொரு வயதில் கலியாணம் செய்துகொண்டேன். அவர் தபால் கந்தோரில் வேலை செய்தார், சைக்கிள் ஓட்டவே தெரியாதவர். நான் சைக்கிளை வெளியே எடுக்கும்போதெல்லாம் வாசலில் நின்று இரண்டே கேள்வி கேட்பார்: "எந்த ரோட்டால போற? எந்த நாள் வருவ?" போ என்றோ போகாதே என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை.

உங்களுக்கும் கடைசியாக அதையே சொல்கிறேன். கிளம்புமுன் வீட்டில் ஒருவரிடமாவது போகிற ரோட்டையும் திரும்புகிற நாளையும் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நாளில் வர முடியாவிட்டால் தகவல் அனுப்புங்கள். நான் ஒரே ஒரு தடவை தகவல் அனுப்பாமல் ஒரு நாள் பிந்தினேன். மஸ்கெலியா ரோட்டில், கொட்டும் மழையில், குடையோடு நடந்து என் கணவர் என்னைத் தேடி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திட்டவில்லை. சைக்கிளில் கை வைக்கவுமில்லை. பக்கத்தில் நடந்து வந்தார்.